கடற்பரப்பில் எண்ணெய்க் கசிவைக் கண்டறிதல்: ரேடார் தொலையுணர்வும் புள்ளியியல் முடிவெடுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கடலில் கசியும் எண்ணெயைக் கண்டறிவதில் செயற்கைத் துளை ரேடார் தாங்கிய செயற்கைக்கோள்கள் இன்று முதன்மையான இடம் பெறுகின்றன. இரவு, மேகமூட்டம் ஆகியவற்றால் தடைபடாமல் பரந்த கடற்பரப்பை ஒரே நேரத்தில் படமெடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. எனினும் ரேடார் படத்தில் எண்ணெய் என்று எதுவும் நேரடியாகப் பதிவாவதில்லை. கடலின் சிற்றலைகள் தணிந்த இடம் கருந்திட்டாகத் தோன்றுகிறது, அவ்வளவே. அக்கருந்திட்டு எண்ணெயா, காற்றில்லாத நீர்ப்பரப்பா, உயிரினங்கள் சுரந்த மென்படலமா என்பதைத் தீர்மானிப்பது புள்ளியியலின் பணியாகும். கருந்திட்டு தோன்றும் இயற்பியல் காரணம், படத்திலுள்ள புள்ளி இரைச்சலின் பரவல், வரம்பு மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை, எண்ணெயையும் போலித் தோற்றங்களையும் பிரித்தறியும் நிகழ்தகவு முறை, கசிவின் அளவை மதிப்பிடுவதிலுள்ள எல்லைகள் ஆகியவற்றை இக்கட்டுரை எளிய கணக்கீடுகளுடன் விளக்குகிறது. 2017ஆம் ஆண்டு எண்ணூர் கடற்பகுதியில் நிகழ்ந்த கசிவு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணெய்க் கசிவு, செயற்கைத் துளை ரேடார், பின்சிதறல், காமாப் பரவல், பேயீஸ் தேற்றம், போலித் தோற்றம், எண்ணூர்.

முன்னுரை

2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியுமுன், எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்துக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. துறைமுகத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள் என்னும் எரிவாயுக் கப்பலும், உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்னும் எண்ணெய்க் கப்பலும் அவை. மோதலில் கசிந்த கன எரியெண்ணெய் கரையோரமாகத் தெற்கு நோக்கிப் பரவி, எர்ணாவூர் முதல் சென்னையின் கடற்கரைகள் வரை படிந்தது. கசிந்த அளவு மிகக் குறைவு என்றே தொடக்கத்தில் பேசப்பட்டது. பின்னர் ஏறத்தாழ 200 டன் என்ற மதிப்பீடு வெளிவந்தது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளைக் கொண்டு கசடை அள்ளிய காட்சி பலரது நினைவில் இருக்கும்.

இந்நிகழ்வு இரண்டு வினாக்களை எழுப்புகிறது. முதலாவது, கசிவு எங்கே இருக்கிறது என்பது. இரண்டாவது, அது எவ்வளவு என்பது. முதல் வினாவுக்கான விடையைப் பொறுத்தே மிதவைத் தடுப்புகளும் துப்புரவுப் படகுகளும் அனுப்பப்படுகின்றன. இரண்டாவது வினாவுக்கான விடையைப் பொறுத்தே ஆயத்தத்தின் அளவும் இழப்பீடும் அமைகின்றன. தவறான எச்சரிக்கை எழுந்தால் மீன்பிடித் தொழில் காரணமின்றி முடங்கும். மீன் வாங்குவோர் அஞ்சி விலகுவர். உண்மையான கசிவு தவறவிடப்பட்டால் கரையில் எண்ணெய் படிந்த பின்னரே செய்தி தெரியவரும். இவ்விரு பிழைகளுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பதே எண்ணெய்க் கசிவு கண்டறிதலின் மையச் சிக்கல். அது இயற்பியலில் தொடங்கிப் புள்ளியியலில் முடிகிறது.

1. எண்ணெய் ஏன் கருமையாகத் தெரிகிறது?

எண்ணெய் அலையை அடக்கும் என்பது பழங்கால மாலுமிகளே அறிந்திருந்த செய்தி. அதனைச் சோதனைக்கு உட்படுத்தியவர் பெஞ்சமின் பிராங்ளின். இலண்டனுக்கு அருகிலிருந்த கிளாப்பம் குளத்தில் அவர் ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெயை ஊற்றியபோது, ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அமைதியுற்றது. இச்சோதனை பற்றிய கட்டுரை 1774இல் இலண்டன் அரசக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஒரு தேக்கரண்டியை இன்றைய 5 மில்லிலிட்டர் என்றும், அரை ஏக்கரை ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர் என்றும் கொண்டால், அப்படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர் மட்டுமே. அதாவது ஒரு மூலக்கூறின் நீளத்துக்கு நெருங்கிய அளவு. அலையைத் தணிக்க மிகமிக மெல்லிய படலமே போதும் என்னும் இவ்வுண்மை, இக்கட்டுரையின் பிற்பகுதியில் இருமுறை தேவைப்படும்.

படலம் அலையைத் தணிப்பதன் காரணம் பரப்பு இழுவிசையில் உள்ளது. அலை எழும்போது படலம் ஓரிடத்தில் விரிந்தும் மற்றோரிடத்தில் சுருங்கியும் அமைகிறது. இதனால் பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் வேறுபட்டு, நீரின் மேலடுக்கில் இழுப்பு உண்டாகிறது. அவ்விழுப்பு சிற்றலைகளின் ஆற்றலை உராய்வாகக் கரைத்துவிடுகிறது. இது மரங்கோனி விளைவு எனப்படும். பெரிய அலைகள் இதனால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகளே மிகுதியாகத் தணிகின்றன.

செயற்கைக்கோள் ரேடார் சாய்கோணத்தில் கடலை நோக்கி நுண்ணலைகளை அனுப்புகிறது. அமைதியான நீர் அவற்றைக் கண்ணாடிபோல் எதிர்த்திசையில் தெறிக்கச் செய்யும். எதுவும் ரேடாருக்குத் திரும்பாது. காற்றால் சிற்றலைகள் எழுந்த நீரோ ஒரு பகுதியைத் திருப்பியனுப்பும். இதுவே பின்சிதறல். எந்த நீளமுள்ள சிற்றலை ரேடார் அலையோடு ஒத்திசைகிறதோ அதுவே பின்சிதறலைத் தீர்மானிக்கிறது. ரேடார் அலைநீளத்தை, படுகோணத்தின் சைன் மதிப்பின் இருமடங்கால் வகுத்தால் அந்நீளம் கிடைக்கும். பிராக் சிதறல் எனப்படும் இத்தொடர்பின்படி, 5.55 செ.மீ. அலைநீளம் கொண்ட சி-பட்டை ரேடார் 35 பாகைப் படுகோணத்தில் ஏறத்தாழ 4.8 செ.மீ. நீளமுள்ள சிற்றலைகளை உணர்கிறது. எண்ணெய் தணிப்பதும் இத்தகைய சிற்றலைகளையே. ஆகவே எண்ணெய் படர்ந்த இடம் ரேடாருக்குச் சுற்றுப்புறத்தைவிடக் கருமையாகத் தெரிகிறது.

இதிலிருந்து ஒரு கட்டுப்பாடு பிறக்கிறது. காற்றின் வேகம் நொடிக்கு 2 முதல் 3 மீட்டருக்குக் கீழே இறங்கினால் சிற்றலைகளே எழுவதில்லை. தூய நீரும் கருமையாகவே தோன்றும். காற்று நொடிக்கு ஏறத்தாழ 10 முதல் 14 மீட்டரைத் தாண்டினால், அலைகள் படலத்தைச் சிதைத்து எண்ணெயை நீரோடு கலந்துவிடும்; கருந்திட்டு மறையும். இவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்ட காற்றில்தான் ரேடார் எண்ணெயைக் காட்டும். காற்றின் வேகத்தைக் குறிப்பிடாத எந்தக் கசிவு வரைபடமும் முழுமையற்றதாவதன் காரணம் இதுவே.

2. தரவு மூலங்கள்

1978இல் ஏவப்பட்ட சீசாட், குடிமைப் பயன்பாட்டுக்கான முதல் செயற்கைத் துளை ரேடாரைச் சுமந்து சென்றது. அது மூன்று திங்களுக்குச் சற்று மேல்தான் இயங்கியது என்றாலும், கடற்பரப்பை ரேடாரால் படிக்க முடியும் என்பதை நிலைநாட்டியது. அதன்பின் 1991இல் ஐரோப்பாவின் இ.ஆர்.எஸ்.-1, 1995இல் கனடாவின் ரேடார்சாட்-1, 2002இல் என்விசாட் ஆகியன வந்தன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2012இல் ரிசாட்-1, 2022இல் இ.ஓ.எஸ்.-04 ஆகிய சி-பட்டை ரேடார் செயற்கைக்கோள்களை ஏவியது. 2025 சூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், எல் மற்றும் எஸ் ஆகிய இரு பட்டைகளில் இயங்கும் ரேடார்களைக் கொண்டது. ஐரோப்பியக் கடல்சார் பாதுகாப்பு முகமை 2007 முதல் கிளீன்சீநெட் என்னும் சேவையின்வழி ரேடார் படங்களைக் கொண்டு தன் கடற்பரப்பைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது.

ஆய்வாளர்கள் இன்று மிகுதியாகப் பயன்படுத்துவது, தரவு எல்லோருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் சென்டினல்-1 ஆகும். இதன் முதல் செயற்கைக்கோள் 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. இதன் அகலப்பட்டை முறை 250 கி.மீ. அகலமுள்ள பரப்பை ஏறத்தாழ 20 மீட்டர் பிரிதிறனுடன் பதிவு செய்கிறது. எண்ணூர்க் கசிவு பற்றிப் பின்னர் வெளிவந்த ஆய்வுகளும் இத்தரவைப் பயன்படுத்தின. செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகப் பெறும் முனைவாக்கமே கடலாய்வுக்கு ஏற்றது. அனுப்பிய முனைவாக்கத்துக்குச் செங்குத்தான முனைவாக்கத்தில் கடலின் பின்சிதறல் மிக வலுக்குறைந்து, கருவியின் சொந்த இரைச்சலோடு கலந்துவிடுகிறது.

ஒளியியல் செயற்கைக்கோள்களும் துணைபுரிகின்றன. சூரிய ஒளி கடலில் தெறிக்கும் கோணத்தில் எண்ணெய்ப் படலம் தனித்துத் தெரியும். ஆனால் மேகம் சூழ்ந்தால் அப்படங்கள் பயனற்றுப்போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலைக் கண்காணிக்க ரேடாரே நம்பத்தக்கது.

3. புள்ளி இரைச்சலும் அதன் பரவலும்

ரேடார் படத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது உப்பும் மிளகும் தூவியது போன்ற தோற்றம். ஒரே சீரான கடற்பரப்பிலும் அடுத்தடுத்த படவணுக்களின் மதிப்புகள் பெரிதும் வேறுபடும். ஒரு படவணுவுக்குள் அடங்கும் எண்ணற்ற சிதறல் மூலங்களிலிருந்து திரும்பும் அலைகள் தம்முள் கூடியும் கழிந்தும் அமைவதால் இந்தப் புள்ளி இரைச்சல் தோன்றுகிறது. இது கருவியின் பழுதன்று. ஓரியல் அலைகளைப் பயன்படுத்தும் எந்தக் கருவிக்கும் உரிய இயல்பு.

இவ்விரைச்சலின் புள்ளியியல் நன்கு அறியப்பட்டதாகும். ஒரே ஒரு நோக்கில் பெறப்பட்ட செறிவு அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றுகிறது. அதன் திட்ட விலக்கம் சராசரிக்குச் சமம். அதாவது மாறுபாட்டுக் கெழு ஒன்று. பல நோக்குகளைச் சராசரியாக்கினால் செறிவு காமாப் பரவலைப் பின்பற்றும். மாறுபாட்டுக் கெழு, நோக்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். நான்கு நோக்குகளுக்கு அது 0.5. காற்றின் வேகம் இடத்துக்கு இடம் மாறும் கடலில் சராசரியே மாறிக்கொண்டிருப்பதால், கே-பரவல் போன்ற நீண்ட வாலுடைய பரவல்கள் கூடுதலாகப் பொருந்துகின்றன.

இரைச்சலைக் குறைக்க லீ, பிராஸ்ட், குவான் ஆகியோர் பெயரால் அறியப்படும் வடிப்பான்கள் பயன்படுகின்றன. இவை ஒரு சிறு சாளரத்துக்குள் காணப்படும் மாறுபாட்டை, புள்ளி இரைச்சலால் மட்டும் எதிர்பார்க்கத்தக்க மாறுபாட்டோடு ஒப்பிடுகின்றன. இரண்டும் சமமெனில் அப்பகுதி சீரானது; அங்குச் சராசரி எடுக்கலாம். காணப்படும் மாறுபாடு மிகுதியெனில் அங்கு விளிம்போ கப்பலோ இருக்கக்கூடும். மூல மதிப்பு காக்கப்படுகிறது.

4. வரம்பு மதிப்பும் அதன் விலையும்

கருந்திட்டைப் பிரித்தெடுக்கும் எளிய வழி, சுற்றியுள்ள கடலின் சராசரியைவிடக் குறிப்பிட்ட டெசிபல் குறைந்த படவணுக்களைத் தேர்வதாகும். சராசரியைவிட 3 டெசிபல் குறைவு என்பதை, அதாவது சராசரியில் பாதி என்பதை வரம்பாகக் கொள்வோம். தூய கடலின் ஒரு படவணு தற்செயலாக இவ்வரம்புக்குக் கீழே விழுவதற்கான நிகழ்தகவைக் காமாப் பரவலிலிருந்து நேரடியாகக் கணக்கிடலாம்.

ஒரே நோக்கெனில் அந்நிகழ்தகவு 0.39. நான்கு நோக்குகளெனில் 0.14. நான்கு நோக்குகள் கொண்ட ஒன்பது படவணுக்களை மூன்றுக்கு மூன்று தொகுதியாகச் சராசரி எடுத்து 36 நோக்குகள் ஆக்கினால், அது ஏறத்தாழ 0.00012 ஆகக் குறைகிறது. மறுபுறம், எண்ணெய் பின்சிதறலை 6 டெசிபல் தணிக்கிறது, அதாவது கால்பங்காக்குகிறது எனக் கொண்டால், நான்கு நோக்குகளிலேயே எண்ணெய்ப் படவணு வரம்புக்குக் கீழே விழும் நிகழ்தகவு 0.96. ஆகவே எண்ணெயைத் தவறவிடுவதைவிட, தூய கடலை எண்ணெய் எனக் கொள்வதே இந்நிலையில் பெரிய பிழை.

0.00012 என்பது புறக்கணிக்கத்தக்க அளவாகத் தோன்றலாம். 250 கி.மீ. அகலமும் ஏறத்தாழ 170 கி.மீ. நீளமும் கொண்ட ஒரு படத்தில், 10 மீட்டர் இடைவெளியில் 42 கோடிக்கும் மேற்பட்ட படவணுக்கள் உள்ளன. மூன்றுக்கு மூன்று தொகுதிகளாக்கினால் ஏறத்தாழ 4.7 கோடி. அவற்றுள் 0.00012 பங்கு என்பது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்த் தொகுதிகளாகும். அதனால்தான் தனித்து நிற்கும் தொகுதிகளை நீக்கி, ஒன்றோடொன்று தொடர்ந்து ஒரு பரப்பாக அமைந்தவற்றை மட்டும் அடுத்த நிலைக்கு எடுத்துச் செல்கின்றனர்.

இக்கணக்கீட்டில் ஒரு முன்கோள் மறைந்துள்ளது: ஒன்பது படவணுக்களும் ஒன்றையொன்று சாராதவை என்பது. படவணுக்களின் இடைவெளி 10 மீட்டராகவும் உண்மைப் பிரிதிறன் ஏறத்தாழ 20 மீட்டராகவும் இருப்பதால், அண்டைப் படவணுக்கள் ஒரே செய்தியின் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்பது படவணுக்கள் ஒன்பது தனிச் சான்றுகள் ஆகா. எனவே உண்மையான பொய் எச்சரிக்கை விகிதம் மேலே கண்டதைவிட மிகும். சராசரியின் மாறுபாட்டிலிருந்து பயனுறு நோக்குகளின் எண்ணிக்கையைப் படத்திலேயே அளந்து பயன்படுத்துவது முறையானது. மேலும், படுகோணம் கூடக்கூடப் பின்சிதறல் குறைவதால், படம் முழுமைக்கும் ஒரே வரம்பு பொருந்தாது. நகரும் சாளரத்தின் சராசரியைக் கொண்டு இடத்துக்கேற்ப வரம்பை அமைக்கும் தகவமைப்பு முறையே நடைமுறையில் கையாளப்படுகிறது.

5. போலித் தோற்றங்கள்

பிரித்தெடுத்த கருந்திட்டுகளுள் பெரும்பாலானவை எண்ணெய் அல்ல. காற்றடங்கிய பகுதிகள், தீவுகளும் மலைகளும் மறைப்பதால் காற்று படாத கடலோரங்கள், மழை பெய்யும் இடங்கள், ஆழ்நீர் மேலெழும் பகுதிகள், கடலடி அலைகளின் தடங்கள் ஆகிய அனைத்தும் கருமையாகத் தோன்றும். அந்தமான் கடல் இத்தகைய கடலடி அலைகளுக்குப் பெயர்பெற்றது. மிதவை உயிரிகளும் மீன்களும் வெளியிடும் கொழுப்புப் பொருள்கள் நீரின் மேல் ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலமாகப் பரவுகின்றன. பிராங்ளினின் குளத்தில் கண்டவாறு, அலையைத் தணிக்க அத்தடிமனே போதுமானது. ஆகவே பாசிப்பெருக்கம் மிகுந்த கடலும் கசிவுற்ற கடலும் ரேடாருக்கு ஒன்றுபோல் தோன்றக்கூடும்.

இவற்றைப் பிரித்தறிய ஒவ்வொரு கருந்திட்டுக்கும் பல பண்புகள் அளக்கப்படுகின்றன. பரப்பு, சுற்றளவு, நீள அகல விகிதம், சுற்றளவுக்கும் பரப்புக்குமான தொடர்பால் அறியப்படும் வடிவச் சிக்கல், சுற்றுப்புறத்தோடான மாறுபாடு, விளிம்பின் கூர்மை, உட்புறத்தின் சீர்மை, அருகில் கப்பல் உண்மை, கரையிலிருந்து தொலைவு என்பன அவற்றுள் சில. ஓடும் கப்பல் வெளியேற்றிய எண்ணெய் நீண்டு ஒடுங்கிய கோடாகவும் கூரிய விளிம்புடனும் அமையும். காற்றடங்கிய பகுதி பரந்து, விளிம்பு மங்கியிருக்கும். கடலில் கிடந்த காலம் கூடக்கூட எண்ணெயின் விளிம்பும் மங்கி, அது போலித் தோற்றத்தை ஒத்துவிடுகிறது.

6. அரிய நிகழ்வின் புள்ளியியல்

பண்புகளைக் கொண்டு வகைப்படுத்தும் நிலையில் எழும் இடரைத் தெளிவாகக் காட்டியது, குபாட், ஹோல்ட், மாட்வின் ஆகிய மூவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்பது ரேடார் படங்களிலிருந்து அவர்கள் பெற்ற 937 கருந்திட்டுகளுள் எண்ணெய் 41 மட்டுமே. எஞ்சிய 896 போலித் தோற்றங்கள். இத்தரவில் எதைக் கண்டாலும் எண்ணெய் அன்று என்று சொல்லும் ஒரு முறை, 95.6 விழுக்காடு சரியாக இருக்கும். ஆனால் அது ஒரு கசிவையும் கண்டுபிடிக்காது. மொத்தத் துல்லியம் என்னும் அளவுகோல் இங்குப் பொருளிழக்கிறது. இதனால் அவ்வாய்வாளர்கள், எண்ணெயைச் சரியாக அறிந்த விகிதத்தையும் எண்ணெயல்லாததைச் சரியாக அறிந்த விகிதத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காணும் பெருக்குச் சராசரியைக் கையாண்டனர். மேற்சொன்ன பயனற்ற முறைக்கு அதன் மதிப்பு சுழியம்.

இதே தரவைக் கொண்டு பேயீஸ் தேற்றத்தின் விளைவையும் காணலாம். எண்ணெயை 90 விழுக்காடும் போலித் தோற்றத்தை 90 விழுக்காடும் சரியாக அறியும் ஒரு வகைப்படுத்தி இருப்பதாகக் கொள்வோம். 41 எண்ணெய்த் திட்டுகளுள் ஏறத்தாழ 37 பிடிபடும். 896 போலித் தோற்றங்களுள் ஏறத்தாழ 90 எண்ணெய் எனத் தவறாகக் குறிக்கப்படும். ஆக 127 எச்சரிக்கைகளுள் 37 மட்டுமே உண்மை. ஓர் எச்சரிக்கை உண்மையாக இருக்கும் நிகழ்தகவு 29 விழுக்காடு. கருவி 90 விழுக்காடு நம்பத்தக்கது என்ற கூற்றும், எச்சரிக்கை 29 விழுக்காடே நம்பத்தக்கது என்ற கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாகின்றன. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே பல அறிக்கைகளில் காணப்படும் பிழை.

இந்நிலையை மாற்றுவது கூடுதல் சான்று. முந்தைய சாதக விகிதத்தைச் சான்றின் நிகழ்வாய்ப்பு விகிதத்தால் பெருக்கினால் பிந்தைய சாதக விகிதம் கிடைக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முந்தைய விகிதம் 41க்கு 896. வகைப்படுத்தியின் நிகழ்வாய்ப்பு விகிதம் 9. பெருக்கினால் ஏறத்தாழ 0.41. இப்போது கருந்திட்டின் ஒரு முனையில் ஒரு கப்பல் தெரிகிறது எனவும், அத்தகைய அமைவு போலித் தோற்றங்களைவிட எண்ணெய்த் திட்டுகளில் பத்து மடங்கு மிகுதியாகக் காணப்படும் எனவும் விளக்கத்துக்காகக் கொள்வோம். விகிதம் 4.1 ஆகிறது, நிகழ்தகவு 80 விழுக்காட்டுக்கு உயர்கிறது. கப்பல்களின் தானியங்கி அடையாள அமைப்புத் தரவைப் படத்தோடு இணைப்பதன் பயன் இதுவே. விபத்து நடந்த இடம் முன்பே தெரிந்திருந்தால் முந்தைய விகிதமே உயர்ந்துவிடுகிறது. 2021 மே 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி சூன் 2ஆம் நாள் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் இடத்திலிருந்து தொடங்கும் படலத்தையும், நடுக்கடலில் தனித்துக் காணப்படும் திட்டையும் ஒரே ஐயத்தோடு நோக்க வேண்டியதில்லை.

எனினும் சான்றுகளைப் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவை ஒன்றையொன்று சாராதவையாக இருத்தல் வேண்டும். காற்றின் வேகமும் கருந்திட்டின் மாறுபாடும் நெருங்கிய தொடர்புடையவை. அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாகக் கருதிப் பெருக்கினால், ஒரே செய்தி இருமுறை எண்ணப்பட்டு, பொய்யான உறுதி பிறக்கும்.

7. ஆழ்கற்றலும் சரிபார்ப்பும்

அண்மைக் காலத்தில் ஆழ்கற்றல் வலையமைப்புகள் பண்புகளைத் தாமே கற்றுப் படவணு தோறும் வகைப்படுத்துகின்றன. கிரெஸ்டெனிடிஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட தரவுத் தொகுப்பில் 1,112 படங்கள் உள்ளன. எண்ணெய், போலித் தோற்றம், கப்பல், நிலம், கடல் என ஐந்து வகைகள் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. கருவி புதிதாயினும் மேற்சொன்ன சிக்கல்கள் மறைந்துவிடவில்லை. எண்ணெய் இன்னும் அரியதே. கடல் என்னும் வகையே பெரும்பான்மை.

ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும் முறை. ஒரே படத்தின் படவணுக்களைத் தற்செயலாக இரு பகுதிகளாகப் பிரித்தால், ஒரே கசிவின் அண்டைப் படவணுக்கள் இரண்டிலும் இடம்பெறும். வலையமைப்பு அக்கசிவை நினைவில் கொண்டு சோதனையிலும் தேறும். புதிய கடலில், புதிய காற்றில் தோற்கும். இடஞ்சார் தன்தொடர்பு உள்ள தரவில் பிரிவினை படவாரியாகவோ நிகழ்வுவாரியாகவோ அமைய வேண்டும். வட கடலில் பயின்ற முறையை மன்னார் வளைகுடாவில் பயன்படுத்துமுன், காற்று, பாசிப்பெருக்கம், கப்பல் போக்குவரத்து ஆகியவை வேறானவை என்பதையும், அதனால் முந்தைய நிகழ்தகவு வேறானது என்பதையும் கருதுதல் வேண்டும்.

8. எவ்வளவு கசிந்தது?

கண்டறிதலைவிடக் கடினமானது அளவை மதிப்பிடுதல். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள எண்ணெய் என்பது ஒரு கனமீட்டர், அதாவது 1,000 லிட்டர். பரப்பை ரேடார் தரும். தடிமனை யார் தருவது? வட கடல் நாடுகளின் பான் உடன்பாடு, வானூர்தியிலிருந்து கண்ணால் காணும் நிறத்தைக் கொண்டு தடிமனை ஐந்து நிலைகளாக வகுத்துள்ளது. வெள்ளி மினுக்கம் 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர், வானவில் நிறம் 0.3 முதல் 5 வரை. உலோகப் பளபளப்பு 5 முதல் 50 வரை. விட்டுவிட்டுத் தோன்றும் எண்ணெயின் இயல்நிறம் 50 முதல் 200 வரை. தொடர்ந்த இயல்நிறம் 200க்கு மேல்.

10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு கருந்திட்டை எடுத்துக்கொள்வோம். அது முழுவதும் வெள்ளி மினுக்கமெனில் எண்ணெய் 400 முதல் 3,000 லிட்டர். முழுவதும் உலோகப் பளபளப்பெனில் 50,000 முதல் 5,00,000 லிட்டர். ரேடார் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மூலக்கூறு அளவுத் தடிமனிலேயே சிற்றலைகள் தணிந்துவிடுவதால், அதற்குமேல் தடிமன் கூடுவது கருமையில் தெளிவாக வெளிப்படுவதில்லை. பின்சிதறல் கருவியின் இரைச்சல் மட்டத்தைத் தொட்டுவிட்டால் கருமைக்கும் தடிமனுக்கும் இடையே எந்தத் தொடர்பும் எஞ்சாது. ஒரே பரப்பு ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபட்ட அளவுகளைக் குறிக்கலாம் என்பதால், படத்தை மட்டும் கொண்டு கசிவின் அளவை ஒற்றை எண்ணாகச் சொல்வது அறிவியலாகாது.

எண்ணூரில் அளவு பற்றிய கூற்றுகள் மாறியதை இப்பின்னணியில் நோக்கலாம். கன எரியெண்ணெய் மெல்லிய படலமாகச் சீராகப் பரவுவதில்லை. நீரோடு கலந்து குழம்பாகித் திட்டுத்திட்டாகக் கரையொதுங்குகிறது. கரையில் அள்ளிய கசடின் எடையில் நீரும் மணலும் அடங்கும். ஆகவே கப்பலின் தொட்டியில் குறைந்த அளவு, கடலில் காணும் பரப்பு, கரையில் திரட்டிய கசடு ஆகிய மூன்றையும் அவற்றின் பிழை எல்லைகளுடன் ஒப்பிட்ட பின்னரே அளவை உரைத்தல் தகும்.

9. காணாமை இன்மை ஆகாது

ஒரு சென்டினல்-1 செயற்கைக்கோள் ஒரே தடத்துக்கு 12 நாட்களுக்கு ஒருமுறை திரும்புகிறது. ஒரு கசிவு 24 மணி நேரம் மட்டும் பரப்பில் காணத்தக்கதாக இருந்தால், அத்தடத்தின் படமொன்றில் அது பதிவாகும் வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. இரு செயற்கைக்கோள்கள் சுழன்றால் ஆறில் ஒன்று. ஏறுதடம், இறங்குதடம், அண்டைத் தடங்களின் மேற்பொருந்தல் ஆகியவை இவ்வாய்ப்பைக் கூட்டினும், சிறு கசிவுகள் பலவும் எப்படத்திலும் சிக்காமல் கரைந்துபோகும் என்பதே உண்மை. ஒரு கடற்பகுதியில் கண்டறியப்பட்ட கசிவுகளின் எண்ணிக்கையை வேறொரு பகுதியோடு ஒப்பிடுமுன், இரண்டும் எத்தனை முறை, எத்தகைய காற்றில் படமெடுக்கப்பட்டன என்பதைக் கொண்டு அவ்வெண்ணிக்கையைச் சரிசெய்தல் வேண்டும். மிகுதியாக நோக்கப்பட்ட கடல், மிகுதியாக மாசுற்ற கடலாகத் தோன்றுவது இயல்பு.

கழிமுகங்களிலும் குறுகிய கால்வாய்களிலும் ரேடாரின் பயன் மேலும் சுருங்குகிறது. காற்று படாத குறுகிய நீர்ப்பரப்பு எப்போதும் கருமையாகவே இருக்கும். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், முதலில் அங்கு வாழும் மீனவர்களின் கண்ணுக்கும் மூக்குக்கும்தான் தெரிந்தது. கரையோர மக்களின் நேரடி அறிவும் பேயீஸ் தேற்றத்தின் மொழியில் ஒரு சான்றே. அதுவும் ரேடாரைச் சாராத சான்று. அதனைக் கண்காணிப்பு முறையில் இணைக்காதிருப்பது புள்ளியியல் நோக்கிலேயே இழப்பாகும்.

முடிவுரை

ரேடார் படத்திலுள்ள கருந்திட்டு ஒரு விடையன்று. அது ஒரு வினா. சிற்றலைகள் தணிந்துள்ளன என்பதை மட்டுமே அது உறுதியாகச் சொல்கிறது. ஏன் தணிந்தன என்பதற்கான விடை, காற்றின் வேகம், படுகோணம், புள்ளி இரைச்சலின் பரவல், வடிவப் பண்புகள், அருகிலுள்ள கப்பல்கள், முந்தைய நிகழ்தகவு, கரையோர மக்களின் செய்தி ஆகியவற்றை முறையாக இணைப்பதால் கிடைப்பது. அவ்விடை ஆம், இல்லை என்றமையாமல் ஒரு நிகழ்தகவாகவே அமையும்.

எனவே எண்ணெய்க் கசிவு பற்றிய ஆய்வறிக்கை ஒவ்வொன்றும் நான்கு செய்திகளைத் தருதல் தகும்: படமெடுத்த நேரமும் அப்போதைய காற்றும், வரம்பு மதிப்பும் அதனால் எதிர்பார்க்கப்படும் பொய் எச்சரிக்கை விகிதமும், எண்ணெயையும் எண்ணெயல்லாததையும் தனித்தனியே அறிந்த விகிதங்கள், அளவு கூறப்படின் அதன் கீழெல்லையும் மேலெல்லையும். துப்புரவுக்கு ஆளனுப்பும் அதிகாரிக்கும், கடலுக்குச் செல்வதா வேண்டாவா எனத் தயங்கும் மீனவருக்கும், இழப்பீட்டைத் தீர்மானிக்கும் நீதிமன்றத்துக்கும் தேவைப்படுவது ஒற்றை எண்ணன்று. அவ்வெண் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்ற தெளிவே ஆகும்.